புடவை அலமாரிக்குள் ஆறு நிமிடப் பிரபஞ்சம்

1

மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, வங்கியொன்று என் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு நான் நானில்லை என்று சொல்லிவிட்டது.

காலாவதியான பண அட்டையை மாற்றப் போயிருந்தேன். இங்கே மலேசியாவில் எந்த வேலைக்குப் போனாலும் அடையாள அட்டையை ஒரு சின்னக் கருவியில் செருகி, அதன் கண்ணாடியில் கட்டைவிரலை வைக்கச் சொல்வார்கள். அட்டைக்குள் இருக்கும் ரேகையும் கையில் இருக்கும் ரேகையும் ஒத்துப்போனால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. ஊரில் ரேஷன் கடைக்கே இது வந்துவிட்டதாகத் தம்பி சொல்கிறான், ஆகவே உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. எனக்குச் சிவப்பு எரிந்தது.

முகப்பில் இருந்த பெண்ணின் சட்டையில் கலைவாணி என்று எழுதியிருந்தது.

"இன்னொரு தடவ வைங்க ஆன்ட்டி. கொஞ்சம் அழுத்தி."

"இதுக்கு மேல அழுத்தினா கண்ணாடி உடஞ்சிடும்மா. அதுக்குத் தனியா ஒரு பாரம் நிரப்பச் சொல்வீங்க."

படிவத்துக்கு இங்கே பாரம் என்று பெயர். அவள் சிரித்தாள். விரலைத் துடைத்துப் பார்த்தோம். இடது கட்டைவிரலை வைத்துப் பார்த்தோம். வயதானால் ரேகை தேய்ந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். பாத்திரம் கழுவியும் தாள் புரட்டியும் என் ரேகைகள் கரைந்துபோயிருக்கின்றன. அடுத்து மேலதிகாரியைக் கூப்பிட வேண்டும், அவர் ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு மாற்று வழியைச் சொல்ல வேண்டும் என்று நானே அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

"ஆன்ட்டி பேங்க்ல வேல செஞ்சீங்களா?"

"காலேஜ்ல. தேர்வுப் பிரிவு. உங்களவிட மோசமான ஆளுங்க நாங்க."

மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வந்து மாற்று வழியைச் சொன்னாள். நெருங்கிய குடும்பத்தார் ஒருவர் தம் அடையாள அட்டையோடு நேரில் வந்து, இவர்தான் அவர் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"மகன், மகள் யாராச்சும் இருக்காங்களா ஆன்ட்டி?"

"மகள் இருக்கா. செபராங் ஜெயாவுல."

"பக்கம்தானே! பாலத்தத் தாண்டினா வந்துடலாம்."

தீவையும் அக்கரையையும் இணைக்கும் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடலாம்தான். நான் அட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் வீட்டுக்கு நடந்தேன். ஏன் கூப்பிடவில்லை என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2

இந்த மாதத்தோடு நான் பினாங்குக்கு வந்து முப்பத்தெட்டு வருடங்கள் ஆகின்றன. திருச்சியில் பௌதிகம் படித்துவிட்டு, ஒரு பள்ளியில் ஆய்வகச் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பங்குச் சாமியார் ஒருவர் மூலமாக ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை அந்தோணி. பிறந்து வளர்ந்தது பினாங்கு, வேலை துறைமுகத்தில் எழுத்தர். "அங்கே பாதிப் பேர் தமிழ்தான் பேசுவார்கள்" என்று சொன்னார்கள். அது கொஞ்சம் மிகை. ஆனால் பேசுகிறவர்கள் நன்றாகவே பேசினார்கள்.

வந்த மறுநாள் காலையில் நாத்தனார், "பசியாறியாச்சா அண்ணி?" என்றாள். காலைச் சிற்றுண்டி ஆயிற்றா என்று கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. என் பசியைப் பற்றி இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோய், விமானத்தில் கொடுத்தது முதல் நேற்றிரவு சாப்பிட்டது வரை விவரமாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ தோசை எத்தன?" என்றாள். இன்றைக்கும் 'பசியாறு' என்ற சொல்லுக்காகவே இந்த ஊரை மன்னிக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஊரில் நாம் இதைவிட மோசமான சொற்களால் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் கையில் இருப்பது நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டை. குடிமக்களுடையது நீலம். நான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே இல்லை. தேவையான தாள்களையெல்லாம் இரண்டு முறை சேர்த்து, வரிசைப்படுத்தி, சான்றொப்பமும் வாங்கி வைத்திருந்தேன். எந்த நடைமுறையையும் முடித்துவிட்டால் பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காதே என்ற பயம்தான் காரணம் என்று அந்தோணி கேலி செய்வார். இதனால் என்ன குறை என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. ஓட்டுப் போடும் நாளில் வீட்டில் உட்கார்ந்து எல்லாக் கட்சிகளையும் சமமாகக் குறை சொல்லலாம்.

இந்த ஊர் என்னைத் தன் மகள் என்று எழுதிக் கொடுத்ததில்லை. எழுதிக் கொடுக்காமல் செய்தவை ஏராளம். ஆங்கிலத்தில் கூச்சப்பட்டு முனகிக்கொண்டிருந்த என்னைக் கெலுகோரில் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். கடைநிலை எழுத்தராகச் சேர்ந்தவள் பிரிவின் பொறுப்பாளராக ஓய்வு பெற்றேன். அந்தோணி இறப்பதற்கு முந்தைய மாதம், மாடி வீட்டு மலாய்க்கார அம்மாள் தினமும் காலையில் எங்கள் இரும்புக் கதவில் ஒரு பையைத் தொங்கவிட்டுப் போவார். உள்ளே சுடச்சுட அரிசிக் கஞ்சி. மணியை அடிக்க மாட்டார். மணியடித்தால் நான் வந்து பேச வேண்டியிருக்கும், அழ வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை நடைமுறைகள் தெரிந்த எனக்கு அந்த நடைமுறை தெரியாது. அவரிடம்தான் கற்றேன்.

3

எங்களுக்கு ஒரே மகள், ஸ்டெல்லா. முப்பத்து மூன்று வயது. ஆறு வயது வரை தமிழில் சண்டை போட்டாள். பள்ளிக்கூடம் போனதும் ஆங்கிலத்தில் சண்டை போட்டாள். பல்கலைக்கழகம் போனபின் சண்டையே போடவில்லை. பிள்ளைகள் விலகிப்போவதைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். என் அனுபவத்தில் அதில் சத்தமே இருப்பதில்லை. தொலைபேசியில் 'சாப்பிட்டியா, வேலை எப்படி, சரி வைக்கிறேன்' என்ற மூன்றே வரிகளாக உறவு சுருங்கிவிடும்.

அவள் செபராங் ஜெயாவில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அறிவியலிலும் தத்துவத்திலும் உள்ள பெரிய கேள்விகளை ஆறு நிமிட வீடியோக்களாக எடுத்து இணையத்தில் போடுகிறார்கள். பிரபஞ்சத்துக்கு விளிம்பு உண்டா, மீனுக்கு வலிக்குமா, ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்குப் பதிலாக ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது, இப்படி. படங்கள் ஓடும், பின்னால் ஒரு குரல் பேசும். ஆங்கிலத்திலும் மலாயிலும் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

ஆறு நிமிடத்தில் பிரபஞ்சமா என்று முதலில் எனக்கு ஏளனம்தான். நான் மூன்று வருடம் பௌதிகம் படித்தவள். பட்டம் வாங்கிய அன்றும் பிரபஞ்சம் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு ஒருநாள் அவள் எடுத்த வீடியோ ஒன்றைப் பார்த்தேன். பார்த்து முடித்ததும் ஜன்னலண்டை போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பேராசிரியர்கள் யாரும் என்னை ஜன்னலுக்கு அனுப்பியதில்லை.

நான்கு மாதங்களுக்கு முன்பு ஸ்டெல்லா திடீரென்று வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா, தமிழ்ல பண்ணலாம்னு பாஸ் கிட்ட சொல்லிட்டேன். ஆனா என் தமிழ் உங்களுக்கே தெரியும் லா. நீங்க எழுதி, நீங்களே பேசுங்க."

"உன் பாஸ் சரின்னுட்டாரா?"

"மூணு வீடியோ குடுத்திருக்கார். ஆளுங்க கடைசி வரைக்கும் பாக்கணும். பாக்கலன்னா தமிழ க்ளோஸ் பண்ணிடுவார். என்னக் கேஎல் ஆபிஸுக்கு, மலாய் டீமுக்கு மாத்திடுவார்."

"தலைநகருக்கா? கேஎல் போனா?"

"மாசத்துக்கு ஒரு தடவ வருவேன்மா."

நானும் திருச்சி ரயில் நிலையத்தில் 'வருஷத்துக்கு ஒரு தடவை வருவேன்' என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். அந்த வாக்குறுதியின் நடைமுறை எனக்குத் தெரியும். முதல் வருடம் வருவோம். இரண்டாம் வருடம் விடுப்பு கிடைக்காது. அதற்குப் பிறகு சாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான். சாவிலும் முக்கியமானவற்றுக்கு மட்டும்.

ஆகவே ஒப்புக்கொண்டேன். தமிழ் வளர வேண்டும் என்பதற்காக என்று அவளிடம் சொன்னேன்.

4

அன்று முதல் சனிக்கிழமைதோறும் வந்தாள். குரல் பதிவுக்கு எதிரொலி இல்லாத இடம் வேண்டுமாம். வீடு முழுக்கக் கைதட்டிக்கொண்டே நடந்தாள். என் புடவை அலமாரியைத் திறந்து உள்ளே தலையை நீட்டித் தட்டினாள். சத்தம் பொத்தென்று விழுந்தது.

"அம்மா, பெர்பெக்ட்! காட்டன் நல்லா உறிஞ்சுது."

கீழ்த்தட்டைக் காலி செய்து ஒரு முக்காலி போட்டோம். கதவை முக்கால்வாசி மூடி, மின்விசிறியை நிறுத்தி, கழுத்தோரம் ஒரு சின்ன ஒலிவாங்கியை மாட்டி, கல்யாணப் பட்டுக்கும் சுங்கடிக்கும் நடுவில் உட்கார்ந்து நான் பிரபஞ்சத்தை விளக்கினேன். பாச்சை உருண்டை வாசனையோடு அண்டவெளியைப் பற்றிப் பேசிய முதல் பெண் நானாகத்தான் இருப்பேன். ஒவ்வொரு முறையும் முக்கியமான இடத்தில் கீழே ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் வந்து ஹாரன் அடிக்கும். "கட்!" என்பாள் ஸ்டெல்லா. அவள் பால்கனிக்கு ஓடி, "அண்ணே, அஞ்சு நிமிஷம் அண்ணே, அம்மா ரெக்கார்டிங்!" என்று கத்துவாள். அவர் கைகாட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார். எங்களுக்கு அன்று ரொட்டி கிடையாது.

இடைவேளையில் காப்பி குடித்தோம், பேசினோம். மூன்று வரியில் இருந்த உறவு பக்கக்கணக்கில் நீண்டது. அலுவலகத்தில் யாரைப் பிடிக்காது, எந்தக் கடையில் நாசி கண்டார் சோறு நன்றாக இருக்கும், அப்பாவின் கல்லறைக்குப் புதுச் சாயம் எப்போது அடிப்பது என்று எல்லாம் பேசினோம். நான் சனிக்கிழமைக்காக வெள்ளிக்கிழமையே மார்க்கெட் ஸ்ட்ரீட் போய் மசாலாச் சாமான் வாங்க ஆரம்பித்தேன். அதை அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

முதல் வீடியோ, 'இரவு ஏன் இருட்டாக இருக்கிறது?' எளிய கேள்விபோலத் தோன்றும். வானம் முடிவில்லாதது, எல்லாத் திசையிலும் நட்சத்திரங்கள் உண்டு என்றால், நாம் எங்கே பார்த்தாலும் ஏதாவது ஒரு நட்சத்திரத்தில் கண் முட்டவேண்டுமே, இரவு வானம் பகலைவிடப் பளபளக்க வேண்டுமே, ஏன் இல்லை? நான் எழுதிய வாசகம் என் மாணவப் பருவத்தின் சிறந்த விடைத்தாள் போல இருந்தது. முன்னுரை, வரையறை, விளக்கம், எடுத்துக்காட்டு, முடிவுரை. ஒரு பிழை இல்லை.

வீடியோ வெளியான வாரம், ஸ்டெல்லா மடிக்கணினியில் ஒரு கோட்டைக் காட்டினாள். பார்க்கிறவர்கள் எந்த இடத்தில் எழுந்து போகிறார்கள் என்று காட்டும் கோடு. ஆங்கிலத்தினுடையது பினாங்கு மலையிலிருந்து இறங்கும் ரயில்போல மெதுவாகச் சரிந்தது. எங்களுடையது மலையிலிருந்து குதித்திருந்தது.

"லாங்குவேஜ்தான்மா. உங்க தமிழ் சர்ச்சுல படிக்கிற மாதிரி இருக்கு. கொஞ்சம் லூசா பேசுங்க."

"லூசாவா? நான் தேர்வுப் பிரிவும்மா."

"அதான் தெரியுதே!"

இரண்டாம் வீடியோ, 'காலம் ஓடுகிறதா, நாம் ஓடுகிறோமா?' எழுத்துத் தமிழைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டில் பேசுவதுபோலப் பேசினேன். மார்க்கெட் ஸ்ட்ரீட்டும் ரொட்டி சானாயும்கூட உள்ளே வந்தன. ஊரிலிருந்து தம்பி குரல்செய்தி அனுப்பினான்: "அக்கா, நல்லாருக்கு. ஆனா ஏன் திடீர்னு மலேசியாக்காரி மாதிரிப் பேசுற?" முப்பத்தெட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் குடியுரிமைச் சான்றிதழ் அதுதான்.

கோடு மறுபடி குதித்திருந்தது. அதே இடத்தில்.

ஸ்டெல்லா மடிக்கணினியை மூடினாள். மீதம் இருந்தது ஒரே ஒரு வீடியோ. அவள் கிளம்பும்போது, கேஎல்லில் ஒரு தோழியின் வீட்டில் அறை காலியாக இருப்பதாகப் போகிறபோக்கில் சொன்னாள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் வங்கி. இப்போது புரிந்திருக்கும். அவளிடம் எனக்கு மிச்சமிருந்தவை சில சனிக்கிழமைகள்தான். என் பண அட்டைக்காக ஒரு செவ்வாயையும் கேட்டு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

5

அந்தச் சனிக்கிழமை மூன்றாவது வீடியோவைப் பதிவு செய்யவேண்டும். தலைப்பு, 'நேற்றைய நீங்களும் இன்றைய நீங்களும் ஒருவரா?' ஆங்கில மூலத்தில் ஒரு பழைய கிரேக்கக் கப்பல் வந்தது. அதன் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகிறார்கள். கடைசிப் பலகையும் மாறிய பிறகு அது அதே கப்பலா, வேறு கப்பலா? நான் வழக்கப்படி வரையறையில் ஆரம்பித்து முடிவுரையில் முடித்து வைத்திருந்தேன். ஸ்டெல்லா படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தாள்.

"என்ன?"

"ஒன்னும் இல்லலா. கரெக்டா இருக்கு." அவள் முகம் வாடியிருந்தது. "காப்பி இருக்கா?"

காப்பி கலக்கும்போது, பேச்சை மாற்றுவதற்காக, வங்கிக் கதையை எடுத்தேன். கண்ணாடியில் விரலை வைத்தது, சிவப்பு எரிந்தது, கலைவாணி அழுத்தச் சொன்னது, உடைந்தால் தனிப் பாரம் என்று நான் சொன்னது. ஸ்டெல்லா சிரிக்க ஆரம்பித்தாள். உற்சாகம் வந்துவிட்டது எனக்கு. என் கண்ணுக்குள் இருப்பது செயற்கை வில்லை, முழங்காலில் இருப்பது உலோகம், கடைவாயில் இருப்பது பீங்கான், கையில் இருப்பது வேறு நாட்டு அட்டை, தம்பியின் கணக்கில் என் பேச்சுகூட மலேசியாக்காரியுடையது. ரேகை ஒன்றுதான் திருச்சியிலிருந்து கொண்டுவந்த அசல் சாமான், அதுவும் தேய்ந்துவிட்டது என்றேன்.

"அப்புறம்? பேங்க்ல என்ன சொன்னாங்க? நீங்கதான்னு ஒத்துக்கிட்டாங்களா இல்லயா?"

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த இழுப்பைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது.

"ஸ்டெல்லா, அந்தக் கோட்டத் திற."

இரண்டு வீடியோவின் கோடுகளையும் பார்த்தோம். குதித்த இடத்தில் நான் என்ன பேசினேன் என்று ஓடவிட்டுக் கேட்டோம். முதல் வீடியோவின் மூன்றாவது வாக்கியம், "இரவு இருட்டாக இருப்பதற்குக் காரணம், பிரபஞ்சத்துக்கு வயது உண்டு என்பதே, தொலைவிலுள்ள ஒளி இன்னும் வந்து சேரவில்லை." இரண்டாவது வீடியோவிலும் அப்படித்தான். கேள்வி, உடனே விடை, பிறகு ஐந்து நிமிட விளக்கம்.

திருச்சியில் எனக்குப் பௌதிகம் நடத்திய பேராசிரியை சொல்லுவார்: விடையை முதல் வரியில் எழுதி அடிக்கோடு போடு, திருத்துகிறவருக்கு நேரமில்லை. அதை நான் கடல் தாண்டிக் கொண்டுவந்தேன். சுங்கத்தில் யாரும் கேட்கவில்லை. பிறகு இத்தனை வருடம் விடைக்குறிப்புகளைப் பூட்டிவைக்கும் வேலை பார்த்தேன். விடைக்குறிப்பு வெளியே போகாமல் காப்பதுதான் தேர்வுப் பிரிவின் முதல் கடமை. ஓய்வு பெற்றபின், வினாத்தாளோடு விடைக்குறிப்பையும் சேர்த்துத் தைத்து உலகத்துக்கே விநியோகித்திருக்கிறேன். விடை கிடைத்ததும் சனங்கள் நன்றி சொல்லி எழுந்து போயிருக்கிறார்கள். அவர்கள்மேல் குற்றமே இல்லை. நல்ல மாணவர்கள்.

"நான் சின்ன வயசுல உங்ககிட்ட கேள்வி கேட்டா இப்டித்தான் பண்ணுவீங்க" என்றாள் ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே. "ஒரே செகண்ட்ல ஆன்சர். நான் என் ரூமுக்குப் போயிடுவேன். அப்பா கிட்ட கேட்டா, 'தெரியலையே, வா ஃபெரி ஏறி அக்கரைக்குப் போயிட்டே யோசிக்கலாம்'ம்பார்."

"உங்கப்பாவுக்கு நெஜமாவே தெரியாது."

"அதான்மா நல்லா இருந்துச்சு!"

கிரேக்கக் கப்பலைக் கைவிட்டோம். வங்கிக் கதையையே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. முடிவுரையில்தான் தகராறு. உடல் தொடர்ந்து இருப்பதா, நினைவு தொடர்ந்து இருப்பதா, இரண்டும் சேர்ந்ததா என்று அலசி ஒரு தீர்ப்பு சொல்லியே ஆகவேண்டும் என்றேன் நான்.

"உங்களுக்கு ஆன்சர் தெரியுமாம்மா? நெஜமா?"

"விடை எழுதாத தாளுக்கு மார்க் கெடயாது."

"தெரியுமா, தெரியாதா?"

"ரெண்டு மூணு கோட்பாடு இருக்கு..."

"அம்மா!"

அலமாரிக்குள் போய் உட்கார்ந்தேன். கதவு முக்கால்வாசி மூடியது. மின்விசிறி நின்றது. வங்கிக் கதையைச் சொன்னேன், கலைவாணியைச் சொன்னேன், வில்லையையும் உலோகத்தையும் பீங்கானையும் சொன்னேன். குடும்பத்தார் ஒருவர் வந்து சாட்சி சொன்னால் போதும் என்றார்கள் என்றும் சொன்னேன். என் ரேகைக்கே தெரியாத ஒன்று இன்னொருவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கடைசி வாக்கியத்துக்கு வந்தேன். புடவைகள் என் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தன. விடை சொல்லும் பழக்கம் தொண்டையில் வந்து நின்றது.

"எனக்குத் தெரியவில்லை" என்றேன்.

கீழே ரொட்டிக்காரர் ஹாரன் அடித்தார். ஸ்டெல்லா "கட்" சொல்லவில்லை. அது வீடியோவில் அப்படியே இருக்கிறது.

கதவைத் திறந்தபோது கேட்டாள், "குடும்பத்துல ஒருத்தர் வரணும்னு சொன்னாங்கன்னா, ஏம்மா என்னக் கூப்பிடல?"

"நீ சனிக்கிழமதான் வர்றே. சனிக்கிழம பேங்க் லீவு."

அவள் ஒலிவாங்கியைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். நான் கொடுத்ததுதான் முழுமையான விடையாயிற்றே.

6

மூன்றாவது வீடியோ போன வாரக் கடைசியில் வெளியானது. இந்தத் திங்கட்கிழமை ஸ்டெல்லா தொலைபேசியில் கூப்பிட்டாள். "புதன் காலைல லீவு போட்டிருக்கேன். பேங்க் எத்தன மணிக்குத் தொறப்பாங்க?"

"வீடியோ என்ன ஆச்சு?"

"பாஸ் இன்னும் ஒன்னும் சொல்லல. பேங்க் எத்தன மணிக்கு?"

நேற்று, புதன்கிழமை, வந்தாள். ஒலிவாங்கி இல்லை, மடிக்கணினி இல்லை. காரை, இங்கத்து வழக்கில் காடியை, நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்று இரண்டு சுற்று சுற்றிவிட்டு, வியர்வையோடு வங்கிக்குள் வந்தாள். கலைவாணி என்னை நினைவு வைத்திருந்தாள். மறுபடியும் விரல், மறுபடியும் சிவப்பு. பிறகு ஸ்டெல்லா தன் நீல அட்டையை நீட்டினாள். அவளுடைய விரலுக்குக் கருவி உடனே பச்சை காட்டியது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பாரம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது ஸ்டெல்லாவின் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன?" என்றேன்.

என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பாஸ் எழுதியிருந்தார். ஆட்கள் கடைசி வரை பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகாமல் கீழே ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவள்தான் என்று ஒரு கட்சி, அவளில்லை என்று ஒரு கட்சி. பாஸுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சண்டை என்றால் தெரியும். தமிழில் இன்னும் ஆறு செய்யலாம், ஸ்டெல்லா கேஎல் போகவேண்டாம்.

"ஆன்ட்டி, ஏதும் கெட்ட சேதியா?" என்றாள் கலைவாணி. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"இல்லம்மா. கண் வில்ல."

கலைவாணி மகளைப் பார்த்து நடைமுறைப்படி கேட்கவேண்டியதைக் கேட்டாள். "மிஸ், இவங்க உங்க அம்மாதான்னு நீங்க உறுதியா சொல்றீங்களா?"

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை, சாவகாசமாக. நடைமுறையில் அதற்கு இடமே கிடையாது.

"இதப் பத்தி ஆறு நிமிஷம் வீடியோ போட்டோம் சிஸ்டர். இன்னும் முடிவு தெரியல."

"மிஸ்?"

"இவங்கதான் லா. இப்டி மொறைக்கிறதுக்கு வேற ஆள் கெடயாது."

கையெழுத்துப் போட்டாள். கலைவாணி முத்திரை குத்தினாள். புதிய அட்டை வந்தது. வெளியே வெயில். பக்கத்துக் கடையில் ஆளுக்கொரு தேத்தண்ணி குடித்தோம். வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று அவள் சாவியை எடுத்தாள்.

"சனிக்கிழம வரேன்மா."

"இந்த வாரம் பதிவு இல்லையே. அடுத்தது இன்னும் எழுதவே இல்ல."

"தெரியும். உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்."

"என்ன, கேளேன்."

"இப்ப சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க உடனே ஆன்சர் சொல்லிடுவீங்க."

காடியைக் கிளப்பிக்கொண்டு பாலத்தின் பக்கம் போய்விட்டாள்.

இன்று வியாழன். அலமாரியின் கீழ்த்தட்டில் முக்காலி அப்படியே இருக்கிறது, அங்கிருந்த புடவைகள் கட்டில்மேல் கிடக்கின்றன. நாளைக்கு மார்க்கெட் ஸ்ட்ரீட் போகவேண்டும். அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று காலையிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். கல்யாணமாக இருக்கலாம், வேலையாக இருக்கலாம், அவள் அப்பாவைப் பற்றியதாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை தானாக வந்து வரிசையில் நிற்கிறது. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.